வாசலில் கிடந்த விறகு

சென்ற வாரம் வகுப்பில் ஒரு பையன் நம்மைக் கேட்டான்: "வயிறு நிறையச் சாப்பிட்டவனுக்கும் பலம் இல்லாமற் போகுமா, ஸார்?" போகும், அப்பனே! அதற்குச் சில புறாக்களே சாட்சி.

1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆக்ஸ்போர்டில் ருடால்ப் பீட்டர்ஸ் என்னும் ரஸாயன சாஸ்திரி, புறாக்களுக்குத் தீட்டிய வெள்ளை அரிசியையே ஊட்டி வந்தார். தலை பின்புறம் வளைந்து, நிற்க மாட்டாமல் அவை விழுந்தன. அவற்றின் மூளைத் திசுவைக் குப்பியிலிட்டுச் சர்க்கரை கொடுத்துப் பார்த்தார். அது பிராணவாயுவைச் சரிவர ஏற்கவில்லை. பைருவிக் அமிலம் என்னும் பொருள் தேங்கி நின்றது. அணுவளவு வைட்டமின் பி-1 சேர்த்ததும் திசு மீண்டும் சுவாசிக்கலாயிற்று!

பைருவிக் அமிலம் ஏதோ விஷம் என்று வாசகர்கள் அஞ்ச வேண்டாம். நாம் உண்ணும் சோறு சர்க்கரையாகிறது. சர்க்கரையின் ஒவ்வொரு மூலக்கூறும் பிளந்து இரண்டு பைருவிக் அமில மூலக்கூறுகளாகின்றன. இதுவரை கிடைத்த சக்தி சொற்பமே. விறகு வாசலுக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். உயிரணுவினுள் இருக்கும் நுண்ணிய அடுப்புகளுக்குள் அது புகுந்து, கரியமிலவாயுவை உதறி, பிராணவாயுவின் துணையால் முழுவதும் எரிந்தால் பத்து மடங்குக்கு மேல் சக்தி பிறக்கும். உள்ளே புகவிடும் கருவிக்கு இன்றியமையாத உறுப்பு பி-1 சத்து. 1937-ல் ஜெர்மனியில் லோமன், ஷூஸ்டர் என்ற இருவர் அதன் உருவத்தைக் கண்டறிந்தனர். மூளை பெரும்பாலும் சர்க்கரையையே நம்பி வாழ்வது. ஆகவே அடுப்பு அவிந்தால் முதலில் தவிப்பதும் அதுவே.

அந்தச் சத்து நெல்லின் தவிட்டிலும் முளையிலும் இருக்கிறது. ஆலை நீக்குவதும் அவற்றைத்தான். அவ்வரிசியைத் தின்ற கோழிகளுக்குக் கால் விழுந்ததை 1890-களிலேயே ஜாவாத் தீவில் ஐக்மன் கண்டார். மனிதருக்கு அது பெரிபெரி. அக்காலத்துச் சென்னை ராஜதானியில், ஆலைப் பச்சரிசி உண்ட வட ஸர்க்கார் ஜில்லாக்களில் அந்நோய் மிகுந்திருந்தது. புழுங்கலரிசி உண்ட இடங்களில் அரிது. நெல்லை அவிக்கையில் தவிட்டின் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. சம்பந்தி விருந்தில் புழுங்கலரிசிச் சோறு போட்டால் முகம் சுளிப்போர் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

பி-1 நீரில் எளிதில் கரைவது. நம் வீட்டிலோ அரிசியை ஐந்து முறை களைவார்கள். அந்நீரும் வடித்த கஞ்சியும் வெகுகாலமாகக் கொல்லைப் பசுவுக்கே போய்க் கொண்டிருந்தன. பசு வெகு ஆரோக்கியமாக இருந்தது.