எடையா, இடையா?

சென்ற திங்கள் நம் சங்கத்தில் நடைபெற்ற பட்டிமன்றத்தை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். "உடற்கொழுப்பைக் குறைப்பதில் முதலிடம் ஓட்டத்திற்கா, பளுத் தூக்குவதற்கா, உணவுக் கட்டுப்பாட்டிற்கா?" என்பது தலைப்பு. மூன்று அணியினரும் நன்றாகவே பேசினர். கைதட்டலுக்குக் குறைவில்லை. இறுதியில் நடுவர் எழுந்து, முக்கனிபோல் மூன்றும் சமமே என்று தீர்ப்பளித்தார். நாம் அனைவரும் மனநிறைவோடு கலைந்து, உளுந்து வடை இருந்த மேசையை நோக்கி விரைந்தோம்.

நடுவர் நல்லவர், மூன்று அணியினரும் அவருக்கு வேண்டியவர்கள். அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆயினும் அந்தத் தீர்ப்பு எனக்கு உடன்பாடன்று. வெவ்வேறு வேலை செய்யும் மூன்றைத் தராசில் வைத்துச் சமம் என்பது, அடுப்பும் பானையும் அரிசியும் சமம் என்பது போன்றது. உடலில் சேர்ந்தது குறையுமா குறையாதா என்பதைத் தீர்மானிப்பது உணவு. குறைவது கொழுப்பா தசையா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பளு. ஓட்டம் இதயத்திற்கு நல்லது. குறைந்தது மீண்டும் ஏறாமல் காக்கவும் உதவும். ஆனால் கொழுப்பைக் குறைக்கும் பணியில் அதற்கு மூன்றாம் இடமே. இந்த வரிசையை மாற்றிப் போட்டு நான் பட்ட பாட்டைச் சொன்னால், நான் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன் என்பது விளங்கும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றிற்குத் திருநெல்வேலிக்குச் சென்றிருந்தேன். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்னட்டி, தில்லிச் சப்பாத்தி நல்லா ஒட்டியிருக்கு போலிருக்கே? தை மாசம் பாக்க வாறவுகளுக்கு என்ன பதில் சொல்ல?" என்றார். என் உயரம் 158 செண்டிமீட்டர். அப்போது எடை 61 கிலோ. வயிற்றுச் சுற்றளவு 84 செண்டிமீட்டர். அத்தை சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அவர் சொன்ன காரணம் வேறு, நான் கவலைப்பட்டிருக்க வேண்டிய காரணம் வேறு.

தில்லிக்குத் திரும்பியதும் ஓட்டத்தையும் பட்டினியையும் ஒருசேரத் தொடங்கினேன். நாள்தோறும் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். காலையில் தேநீர், நண்பகலில் வெள்ளரிக்காய், இரவில் இரண்டு ரொட்டி. மூன்று திங்களில் ஏழு கிலோ குறைந்தது. அறைத்தோழியர் வாய்விட்டுப் பாராட்டினர். பிறகு தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. சோதனைச் சாலையில் இருபது லிட்டர்த் தண்ணீர்க் குடுவையை மேடைமேல் தூக்கி வைப்பது என் வாடிக்கை. அதற்கு ஆள் கூப்பிட வேண்டியதாயிற்று. மாதவிலக்கு இரண்டு திங்கள் வரவேயில்லை. பெண்கள் இதை எழுதக் கூசுவார்கள். எழுதாததனால்தான் விடுதியில் ஆண்டுதோறும் யாராவது ஒருத்திக்கு இது நேர்கிறது என்று எண்ணி எழுதுகிறேன். வயிற்றுக்கு வேண்டிய அளவு போடாவிட்டால், உடல் இப்படிப்பட்ட செலவுகளைத்தான் முதலில் நிறுத்துகிறது. தேர்வு நெருங்கியபோது ஓட்டமும் நின்றது, பட்டினியும் நின்றது. ஆறே திங்களில் எடை 60 கிலோவுக்கு வந்துவிட்டது. இடை மட்டும் 85! போன தசை திரும்பவில்லை; கொழுப்புத்தான் திரும்பி வந்தது.

எடை காட்டும் கருவிக்கு தசை எது, கொழுப்பு எது என்று தெரியாது. நம் நாட்டவர்க்கு இது சிறிய செய்தி அன்று. 2004-ஆம் ஆண்டில் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு புகைப்படம் வெளிவந்தது. புனே நகர மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும், இங்கிலாந்து மருத்துவர் ஜான் யுட்கினும் அதில் அருகருகே நிற்கின்றனர். உயரத்தையும் எடையையும் கொண்டு கணக்கிடும் உடல் நிறைக் குறியீடு இருவருக்கும் ஒன்றே: 22.3. ஆனால் உடலில் கொழுப்பின் அளவோ, யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. மெலிந்த கைகால்களும் முன்தள்ளிய வயிறுமாக நம் ஊர்த் தெருவில் நடக்கும் எத்தனையோ மாமாக்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஆகவேதான் இந்திய மருத்துவர்கள் 2009-இல் வகுத்த வரையறையில் குறியீடு 23-ஐத் தாண்டினாலே எடை மிகுதி என்றனர். இடைச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செண்டிமீட்டரைத் தாண்டலாகாது என்றனர். 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, நாட்டில் நீரிழிவு உடையவர்கள் பத்துக் கோடிக்கு மேல் என்று மதிப்பிட்டது. என் தாயாரும் அந்தப் பத்துக் கோடியில் ஒருவர். பார்க்க வருகிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்பதைவிட இது பெரிய கேள்வி அன்றோ?

ஆகவே நம்மவர்க்கு வேண்டுவது இரண்டு: இடை குறைய வேண்டும், தசை குறையாமல் இருக்க வேண்டும், கூடினால் மிக நன்று. உண்ட சர்க்கரையை வாங்கிச் சேமிக்கும் பெரிய கிடங்கு தசையே. கிடங்கை இடித்துவிட்டுச் சரக்கை எங்கே வைப்பது?

இனி ஓட்ட அணித் தலைவருக்கு வருகிறேன். "ஓடினால் கரையும்" என்று அவர் முழங்கியபோது நான் தாளில் ஒரு சிறு கணக்குப் போட்டேன். ஒருவர் ஒரு கிலோமீட்டர் ஓடச் செலவாவது, அவருடைய எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய ஒரு கலோரி. அறுபது கிலோ உள்ளவர் ஐந்து கிலோமீட்டர் ஓடினால் 300 கலோரி. உடற்கொழுப்பு ஒரு கிலோ குறைய 7,700 கலோரி அளவுக்குப் பற்றாக்குறை வேண்டும். அதாவது ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய இருபத்தாறு நாள் ஓட வேண்டும். அந்த நாள்களில் உணவு ஒரு பருக்கையும் கூடக் கூடாது. ஓடி முடித்தவுடன் வாயிலில் காத்திருக்கும் சோலே பட்டூரேயை நம் ஓட்டக்காரர்கள் எப்படி நடத்துகிறார்கள் என்பதை நான் கண்டிருக்கிறேன். ஒரே தட்டில் அன்றைய கணக்கு முடிந்துபோகும். மேலும் ஐப்பசி பிறந்துவிட்டால் தில்லியின் காற்று எப்படி இருக்கிறதென்று எல்லோரும் அறிவோம். புகை மூட்டத்தில் மூச்சிரைக்க ஓடுவது இதயத்திற்குச் செய்யும் தொண்டாகாது. அந்த நாள்களில் மட்டுமாவது உள்ளேயே படி ஏறி இறங்கலாம்.

வியர்வைக்காக இரண்டு ஸ்வெட்டர் அணிந்து ஓடும் நண்பருக்கும் ஒரு சொல். கொழுப்பு வியர்வையாக வெளியேறுவதில்லை. 2014-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் மீர்மன், பிரவுன் என்ற இருவர் வேதியியல் கணக்கொன்றை வெளியிட்டனர். பத்துக் கிலோ கொழுப்பு முற்றும் எரிந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சின் வழியே போகிறது, எஞ்சிய 1.6 கிலோ நீராகிறது. ஸ்வெட்டரால் குறைந்த எடை, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்ததும் வந்துவிடும்.

பளு அணியினர் மீதும் எனக்குக் குறை உண்டு. பளுவைத் தூக்கினால் போதும், கொழுப்புத் தானே எரியும் என்றனர். அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தார் எடை மிகுந்தவர்களை மூன்று பிரிவாக்கி எட்டுத் திங்கள் பயிற்சி அளித்து, முடிவை 2012-இல் வெளியிட்டனர். உணவை மாற்றாமல் பளு மட்டும் தூக்கியவர்களுக்குத் தசை கூடிற்று; கொழுப்பு குறிப்பிடும்படி குறையவில்லை. ஓட்டம் போன்ற பயிற்சி செய்தவர்களுக்குக் கொழுப்புக் குறைந்தது, தசை கூடவில்லை. ஓட்ட அணியினர் இந்த ஆய்வைத் தம் பக்கம் சொல்லியிருக்கலாம், ஏனோ சொல்லவில்லை. இரண்டையும் செய்தவர்களுக்கு இரு பயனும் கிட்டின. ஆனால் நேரமும் இரட்டிப்பாயிற்று. ஆராய்ச்சி மாணவர்க்கு அத்தனை நேரம் ஏது?

அந்த நேரத்தை மிச்சப்படுத்துவது உணவு. 2016-இல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் நாற்பது இளைஞர்களுக்கு நான்கு வாரம் உணவை வெகுவாகக் குறைத்து, கடும் பயிற்சியும் கொடுத்தனர். ஒரு பாதிப் பேருக்குப் புரதம் உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 1.2 கிராம், மறு பாதிப் பேருக்கு 2.4 கிராம். முதற் பிரிவினர் 3.5 கிலோ கொழுப்பை இழந்தனர்; தசை ஏறக்குறைய அப்படியே இருந்தது. இரண்டாம் பிரிவினர் 4.8 கிலோ கொழுப்பை இழந்ததோடு, தசை முதலிய கொழுப்பற்ற பகுதியில் 1.2 கிலோ கூடவும் செய்தனர். அரைப் பட்டினியிலும் தசை கூடிற்று! நான் வெள்ளரிக்காய் தின்ற மூன்று திங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அவ்வளவு புரதம் நமக்கு வேண்டியதில்லை. கட்டாயத் தேவை என்று நம் நாட்டு ஊட்டச்சத்து நிறுவனம் சொல்வது கிலோவுக்கு 0.83 கிராம். உணவைக் குறைத்துப் பளுவும் தூக்குகிறவர்களுக்கு 1.2 முதல் 1.6 வரை இருந்தால் நலம். அறுபது கிலோ உடையவர்க்குக் குறைந்தது 72 கிராம். இதற்காகக் கடன் வாங்கி மாவு டப்பா வாங்க வேண்டுமா? மெஸ்ஸில் கிடைப்பதையே எண்ணிப் பாருங்கள். பால் ஒரு பெரிய குவளை 8 கிராம். முட்டை இரண்டு 12. கெட்டியான ராஜ்மாவோ பருப்போ இரு வேளைக்கும் சேர்த்து 16. ரொட்டி ஐந்து 15. தயிர் ஒரு கிண்ணம் 7. சோயா உருண்டை ஒரு கைப்பிடி வாங்கி அறையில் வேகவைத்துக்கொண்டால் 15. மொத்தம் 73. முட்டை உண்ணாதவர்கள் பனீரோ வறுத்த கொண்டைக்கடலையோ கொள்ளலாம். ராஜ்மாவைக் குழம்பு மட்டும் ஊற்றிப் பிசைந்து, பயற்றைத் தட்டோரம் ஒதுக்கும் தமிழர் பலரை நான் அறிவேன். சாம்பார் நினைவு அவர்களை விடவில்லை, என் செய்வது!

குறைக்க வேண்டியவை இவைதாம்: சோற்றில் ஒரு கரண்டி, மாலைச் சமோசா, இரவு பதினொரு மணி நூடுல்ஸ், நாலு வேளைத் தேநீரின் சர்க்கரை. நாளொன்றுக்கு 300, 400 கலோரி குறைந்தால் போதும். அதற்குமேல் ஆசைப்பட்டால் என் கதைதான்.

வயிற்றுக்கென்று தனிப் பயிற்சி செய்வோர் பலர். நூறு முறை எழுந்து படுத்தாலும் வயிற்றுக் கொழுப்பு மட்டும் தனியே கரையாது. டென்னிஸ் ஆட்டக்காரர்கள் பல ஆண்டு ஒரே கையால் ஆடுகிறார்கள். அந்தக் கையில் தசை பருத்திருந்ததே தவிர, தோலடிக் கொழுப்பில் இரு கைக்கும் வேறுபாடில்லை என்று 1971-லேயே அளந்து காட்டிவிட்டனர்.

இப்போது நான் செய்வதைச் சுருங்கச் சொல்கிறேன். வாரம் மூன்று நாள், நாற்பது நிமிடம் பளு. இரும்புத் தண்டைத் தோளில் வைத்து பஸ்கி, தலைக்குமேல் தூக்குதல், தரையிலிருந்து எடுத்தல், தண்டால். முதல் நாள் வெறுந்தண்டின் இருபது கிலோவே கால்களை நடுங்க வைத்தது. இப்போது 45 கிலோவுடன் உட்கார்ந்து எழுகிறேன். இ-ரிக்‌ஷாவை விட்டுச் சோதனைச் சாலைக்கு நடக்கிறேன். ஞாயிறன்று மட்டும் ஓட்டம், அதுவும் ஆசைக்காக. எட்டுத் திங்களில் எடை 57. நான்கு கிலோகூடக் குறையவில்லை என்று எடைக் கருவி ஏளனம் செய்கிறது. இடை 77. தண்ணீர்க் குடுவையை நானே தூக்குகிறேன். பெண் பளுத் தூக்கினால் ஆண்போல் ஆகிவிடுவாள் என்று தோழியர் அஞ்சுகின்றனர். பெண்ணுடலில் டெஸ்டோஸ்டிரோன் ஆணுக்குள்ளதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அப்படியெல்லாம் எளிதில் ஆகிவிட முடியாது. ஆக முயன்றவர்களைக் கேட்டால் தெரியும்.

ஆனால் என் தோழியர் பளுத் தூக்காததற்கு அச்சம் மட்டும் காரணமன்று. நம் உடற்பயிற்சிக் கூடம் பெண்களுக்குத் திறந்திருப்பது மாலை நான்கு முதல் ஐந்து வரை. அறிவியல் துறைகளில் அது செய்முறை வகுப்பு நேரம். வழிகாட்டிப் பேராசிரியரிடம் வாரம் மூன்று நாள் நான் சொல்லும் காரணங்கள் தீர்ந்துவிட்டன. ஆண்களுக்கோ காலை இரண்டு மணி நேரம், மாலை மூன்று மணி நேரம். மெஸ்ஸிலும் முட்டை வாரம் இரு நாள்தான்; இனிப்பு நான்கு நாள்.

ஆதலால் இரு கோரிக்கைகளை எழுதி வைத்திருக்கிறேன். கூடம் பெண்களுக்குக் காலை ஆறு முதல் ஏழரை வரை திறக்கப்பட வேண்டும். இனிப்பு இரு நாள் குறைக்கப்பட்டு, அந்தப் பணத்தில் முட்டையோ பனீரோ, அவரவர் விருப்பப்படி, நாள்தோறும் தரப்பட வேண்டும். மனுவின் படி வரும் ஞாயிறு காலை எட்டு மணி முதல் மெஸ் வாயிலில், என்னிடமே இருக்கும். பட்டிமன்றத்தின் மூன்று அணித் தலைவர்களும் கையொப்பம் இடுவதாகச் சொல்லிவிட்டனர். நடுவரை இன்னும் கேட்கவில்லை.