ஊருக்குப் போவதற்கு எந்த நாட்காட்டி?

மாசி, பங்குனி வந்துவிட்டால் தாராவி, மாட்டுங்கா, செம்பூர்ப் பகுதிகளின் தமிழ்க் குடும்பங்களில் ஒரே கேள்விதான்: "இந்த வருசம் ஊருக்கு எப்போ?" கேள்வியில் ஊரின் பெயர் இராது. கேட்பவருக்கும் கேட்கப்படுபவருக்கும் அது தெரியும். ஆனால் விடை இப்போதெல்லாம் ஊரிலிருந்து தொடங்குவதில்லை, பயணச்சீட்டிலிருந்து தொடங்குகிறது. இருக்கை கிடைக்கும் நாளில் புறப்படுகிறோம். சென்ற இடத்தில் திருவிழா நடந்தால் ஒரு நாள் பார்த்துவிட்டு வருகிறோம். இந்த வரிசை மாற வேண்டும் என்பதே இப்பதிவின் கருத்து. திருவிழாவை முதலில் குறித்துக்கொண்டு மற்றவற்றை அதற்கேற்ப அமைக்க வேண்டும். அதன் உச்ச நாளுக்கு மட்டும் செல்லாமல், தொடக்கத்திலிருந்தே அங்கு இருக்க வேண்டும். பக்தியின் பெயரால் இதைச் சொல்லவில்லை. மொழியியல் படிக்கும் ஒருவர், இந்நகரத்துத் தமிழ்ப் பிள்ளைகளின் தமிழை எண்ணிச் சொல்வது இது.

முதலில் நடைமுறைச் சிக்கலைப் பார்ப்போம். மும்பைத் தமிழரின் கோடையை மூன்று நாட்காட்டிகள் ஆள்கின்றன. முதலாவது பள்ளி நாட்காட்டி. மகாராஷ்டிர மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் ஏப்ரல் தேர்வு மாதம். மே மாதம் விடுமுறை. ஜூன் நடுவில் பள்ளி திறந்துவிடும். இரண்டாவது ரயில்வேயின் நாட்காட்டி. 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலம் 120 நாட்களிலிருந்து 60 நாட்களாகக் குறைக்கப்பட்டுள்ளது. மும்பையிலிருந்து மதுரை, திருநெல்வேலி வழியாகச் செல்லும் நாகர்கோவில் விரைவு வண்டியில் மே மாத இருக்கை வேண்டுவோர் மார்ச் மாதத்திலேயே நாள் குறித்தாக வேண்டும். மூன்றாவது, வானத்தைப் பார்த்து எழுதப்படும் திருவிழா நாட்காட்டி. மதுரையில் கள்ளழகர் வைகையில் எழுந்தருளும் நாள் 2022இல் ஏப்ரல் 16; 2023இல் மே 5; 2024இல் ஏப்ரல் 23; 2025இல் மே 12. சித்திரை முழுநிலவை ஒட்டி வருவதால் ஏறத்தாழ ஒரு மாத அளவுக்குள் அது முன்னும் பின்னும் நகர்கிறது. ஏப்ரல் நடுவில் வரும் ஆண்டில் மும்பைப் பிள்ளை தேர்வெழுதிக்கொண்டிருக்கும். மே மாதத்தில் வரும் ஆண்டு ஒரு வாய்ப்பு. அந்த வாய்ப்பையும் நாம் பெரும்பாலும் ஒரே நாளில் செலவழித்துவிடுகிறோம்.

அந்த ஒரு நாளும் பெரும்பாலும் தவறான நாளாகவே அமைகிறது. சித்திரைத் திருவிழா என்றால் ஆற்றில் இறங்கும் அதிகாலைதான் என்று நினைத்து, முதல் நாள் இரவு வந்திறங்கி, இலட்சக்கணக்கானோரிடையே பிள்ளையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறோம். 2022இல் அந்த நெரிசலில் சிக்கி இருவர் உயிரிழந்தனர். ஆனால் விழா கொடியேற்றத்தில் தொடங்குகிறது. எட்டாம் நாள் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம், ஒன்பதாம் நாள் திக்குவிஜயம், பத்தாம் நாள் திருக்கல்யாணம், மறுநாள் தேர். அதன்பின் அழகர் மலையிலிருந்து இறங்கி வர, மதுரை மக்கள் எதிர்சேவை செய்கிறார்கள். ஆற்றில் இறங்கிய பிறகும் வண்டியூர், தேனூர் மண்டபம், தசாவதாரம், பூப்பல்லக்கு என்று விழா தொடர்கிறது. மாசி வீதிகளில் மாலைதோறும் நடக்கும் புறப்பாட்டைக் காண ஒரு பிள்ளைக்கு நெரிசலைத் தாங்கும் வலிமை தேவையில்லை. பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டால் போதும்.

இது நமக்கு மட்டும் உரிய சிக்கல் இல்லை. இத்தாலியின் சியெனா நகரில் ஆண்டுதோறும் ஜூலை 2, ஆகஸ்ட் 16 ஆகிய நாட்களில் பாலியோ என்னும் குதிரைப் பந்தயம் நடக்கிறது. ஐரோப்பியப் பயணிகள் தங்கள் கோடையை அந்த நாட்களை ஒட்டித் திட்டமிடுகிறார்கள். பந்தயம் ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் அந்நகரின் 17 வட்டாரங்களைச் சேர்ந்தவர்களுக்கு அது பல நாள் வாழ்க்கை. குதிரையைச் சீட்டுக் குலுக்கிப் பெறுதல், ஒத்திகை ஓட்டங்கள், முந்தைய இரவில் தெருவில் நீண்ட மேசைகளிட்டு உண்ணும் விருந்து, வட்டாரக் கோயிலுக்குள்ளேயே குதிரையை அழைத்துச்சென்று ஆசி பெறுதல் என அது நீள்கிறது. பயணி ஒன்றரை நிமிடத்தைக் காண்கிறார். ஊரார் மற்ற எல்லாவற்றையும் வாழ்கிறார்கள். மும்பைத் தமிழரின் மூன்றாம் தலைமுறை இவ்விருவரில் யாராகப் போகிறது என்பதே நம்முன் உள்ள கேள்வி.

தாராவிக் குடும்பங்களில் பலவற்றுக்கு வேர் திருநெல்வேலிச் சீமையில் உள்ளது. அங்கே கொடை விழா வெறும் வேடிக்கையாக இருப்பதில்லை. வரி கொடுத்தவர் ஊரார். அவர் மும்பையில் இருந்தாலும் அவர் பெயர் கணக்கில் உண்டு. கால்நாட்டு முதல் மஞ்சள் நீராட்டு வரை ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வேலை இருக்கும். முளைப்பாரி வளர்க்க வேண்டும், பந்தல் பார்க்க வேண்டும், பொங்கலுக்கு விறகு சேர்க்க வேண்டும். இரவில் வில்லுப்பாட்டு. முன்பாட்டுக்காரர் கதையைச் சொல்ல, பின்பாட்டுக்காரர் "ஆமா" போடுவார். கேட்பதே ஒரு கலை என்பதை அந்த "ஆமா" கற்றுக்கொடுக்கிறது.

இனி மொழிக்கு வருகிறேன். சமூக மொழியியலாளர் ஜோஷுவா ஃபிஷ்மன் 1991இல் வெளியான தம் நூலில் வலியுறுத்திய கருத்து நம் துறையினருக்குத் தெரிந்ததே. பள்ளியும் ஊடகமும் மட்டும் ஒரு மொழியைக் காப்பாற்றிவிடா. வீட்டிலும் அண்டை அயலிலும் அது ஒரு தலைமுறையிடமிருந்து அடுத்த தலைமுறைக்குக் கைமாற வேண்டும். மும்பை மாநகராட்சி பள்ளி நடத்தும் எட்டு மொழிகளுள் தமிழும் ஒன்று. எனினும் பெற்றோரின் விருப்பம் ஆங்கில வழியை நோக்கிச் சென்றுவிட்டது. அவர்களைக் குறை சொல்வதில் பயனில்லை. எஞ்சியிருப்பது வீட்டுத் தமிழ். அது சாப்பிடு, குளி, படி என்னும் ஏவல்களுக்குள் சுருங்கிவருகிறது. பிள்ளை தமிழில் கேட்டு இந்தியில் விடை சொல்கிறது. அதன் உறவுச்சொற்கள் "ஆன்ட்டி, அங்கிள்" என்ற இரண்டுக்குள் முடிந்துவிடுகின்றன.

திருவிழா நடக்கும் ஊரில் இந்த இரண்டு சொற்கள் போதா. ஆச்சியை ஆச்சி என்றும், மதினியை மதினி என்றும், மாமாவையும் பெரியப்பாவையும் வேறுபடுத்தியும் அழைத்தாக வேண்டும். யாரை "வாங்க" என்பது, யாரை "வா" என்பது என்று ஒவ்வொரு முறையும் முடிவெடுக்க வேண்டும். கேலிக்குக் கேலியால் விடை சொல்ல வேண்டும். ராட்டினக்காரரிடம் பேரம் பேச வேண்டும். கேட்டுப் புரிந்துகொள்ளும் பிள்ளையைப் பேசும் பிள்ளையாக மாற்றுவது இந்தக் கட்டாயமே. வேறு எந்த நேரத்திலும் ஊரில் இத்தனை வயதினர் ஒருங்கே கூடியிருப்பதில்லை. சென்னைக்கும் திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போனவர்கள்கூடத் திருவிழாவுக்குத்தான் வருகிறார்கள். மலிவான சீட்டுக் கிடைத்ததென்று வெறும் வாரத்தில் போனால், பூட்டிய வீடுகளையும் கைப்பேசியையும் பார்த்துவிட்டுத் திரும்ப நேரிடும்.

இதற்கு மறுப்புகள் உண்டு. அவற்றுள் கனமானது சாதி. எல்லோருக்கும் ஊர் இனிப்பாக இருந்ததில்லை. தாராவிக்கு வந்த பலர் பிழைப்புக்காக மட்டும் வரவில்லை, அவமதிப்பிலிருந்து விலகியும் வந்தார்கள். தேர்வடம் பிடிக்கும் உரிமைக்காக நீதிமன்றம் வரை செல்ல நேர்ந்த கண்டதேவி நம் காலத்து வரலாறு. வடம் மறுக்கப்படும் தெருவுக்குப் பிள்ளையை அழைத்துச்செல்லுங்கள் என்று எவரும் எவருக்கும் சொல்ல முடியாது. தம் தெருவின் அம்மனுக்குத் தாமே எடுக்கும் கொடைக்குப் போவதும், போகாமலே இருப்பதும் அவரவர் உரிமை. ஆனால் போகிறவர்கள், அங்கே யாருக்கு எது மறுக்கப்படுகிறது என்பதையும் பிள்ளைக்குத் தமிழிலேயே சொல்ல வேண்டும். அதுவும் கற்க வேண்டிய மொழிதான்.

இரண்டாவது மறுப்பு, வீடில்லை என்பது. மாட்டுங்கா, செம்பூரில் வாழும் தஞ்சை, பாலக்காட்டுக் குடும்பங்கள் பலவற்றுக்கு ஊரில் இன்று வீடில்லை. விடுதியில் தங்கி, ஐந்து நாளில் ஒன்பது நவக்கிரகத் தலங்களைச் சுற்றித் திரும்புகிறார்கள். அவர்களுக்கு என் யோசனை எளியது. ஒன்பது ஊர்களுக்குப் பதில் ஓர் ஊர். அங்கே ஒரு விழாவை முழுமையாகப் பாருங்கள். நான்காம் நாள் பூக்காரர் உங்கள் பிள்ளையைப் பெயர் சொல்லி அழைப்பார்.

விடுப்பும் செலவும் மூன்றாவது தடை. இதில் ஊரின் பக்கமும் ஒரு கடமை உண்டு. திருவிழா நாள் என்பது மாற்றவே முடியாத ஒன்றாக எப்போதும் இருந்ததில்லை. மாசியில் நடந்துவந்த மீனாட்சியின் திருக்கல்யாணத்தையும் தேரையும் 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றி, தேனூரில் நடந்த அழகர் விழாவையும் மதுரையோடு இணைத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. மாசி அறுவடைக் காலமாதலால் தேரிழுக்க ஆள் கிடைக்கவில்லை என்பது அதற்குக் கூறப்படும் காரணம். மக்களுக்கு ஓய்வுள்ள நாளை விழாவும் தேடிச் சென்றிருக்கிறது. ஊர்க்கூட்டம் கூடி நாள் குறிக்கும் கொடைகளுக்கு இது இன்னும் எளிது. வெளியூரில் வரி வாங்கும் ஊர்கள் நாளை மேயில் வைக்க முயலட்டும். இயலாவிட்டால், ரயில் முன்பதிவு திறப்பதற்கு முன்பாகவேனும் அறிவிக்கட்டும்.

இதே நகரத்தில் நம் பக்கத்து வீட்டிலேயே முன்மாதிரி இருக்கிறது. கொங்கணத்திலிருந்து வந்து மும்பையில் உழைக்கும் மராத்தியர் கணபதிக்கு ஊர் போகாமல் இருப்பதில்லை. அவர்களுக்கு 'சாக்கர்மானி' என்று தனிப்பெயரே உண்டு. அவர்களுக்காக ரயில்வே ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான சிறப்பு நடைகளை இயக்குகிறது. அவர்கள் நாளை மாற்றாமல் நின்றார்கள். வண்டி அவர்களைத் தேடி வந்தது.

ஆகவே, வரும் தையில் புதிய பஞ்சாங்கம் கடைக்கு வரும்போது மூன்று நாட்காட்டிகளையும் ஒரே மேசையில் விரியுங்கள். ஊருக்குத் தொலைபேசியில் அழைத்து, கால்நாட்டு என்று, கொடியேற்றம் என்று எனக் கேளுங்கள். அந்த நாளுக்கு முந்தைய நாள் போய்ச்சேருமாறு சீட்டு எடுங்கள். தொலைபேசியில் கேட்கும் வேலையைப் பிள்ளையிடமே கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது.