வெள்ளைத் தோல் சோறு போடுமா?

வெள்ளைக்காரனாய்ப் பிறந்தால் போன இடமெல்லாம் ராஜோபசாரம் என்று நம்மில் பலர் இன்னமும் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். ஜப்பானில் நடந்த சங்கதியைக் கவனிக்கும்படி அவர்களைக் கேட்டுக் கொள்கிறோம்.

அங்கு தனியார் இங்கிலீஷ் பள்ளிகளில் எல்லாவற்றிலும் பெரிதாயிருந்தது "நோவா" கம்பெனி. அயல்நாட்டு உபாத்தியாயர்களைக் காட்டியே மாணாக்கர்களிடம் முன்பணம் வசூலித்தது. 2007 அக்டோபரில் கம்பெனி முறிந்தது. பெரும்பாலும் வெள்ளையரான நாலாயிரத்துக்கு மேற்பட்ட அவ்வுபாத்தியாயர்கள் சம்பளமின்றித் தெருவில் நின்றார்கள். வாடகைக்கென்று சம்பளத்தில் பிடித்த பணத்தையும் கம்பெனி வீட்டுக்காரர்களுக்குக் கட்டாததால், வீட்டைக் காலி செய்யும்படி சிலருக்கு உத்தரவு வந்தது. பாடம் சொல்லிக் கொடுத்து அதற்குக் கூலியாகச் சாப்பாடு வாங்கும் நிலைமைக்குச் சிலர் வந்தார்கள்.

அப்போது தோல் உதவிற்றா? கடவுள் வந்தாரா? இரண்டுமில்லை. அந்தச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்தது தொழிலாளர் சங்கம். திவாலான கம்பெனியின் சம்பளப் பாக்கியில் 100-க்கு 80 பங்கு வரை சர்க்கார் கொடுக்க வேண்டுமென்பது அந்நாட்டுச் சட்டம். அச்சட்டமும் மனிதன் செய்ததேயாகும்.

முதலாளிக்கு வெள்ளைத் தோல் வெறும் விளம்பரப் பலகை. கடை மூடினால் பலகையும் குப்பைக்கே! ஆகவே தோழர்களே, தோலையும் தலைவிதியையும் நம்பாதீர்கள்; சங்கத்தில் சேருங்கள்.