மின்கருவி வாங்குமுன்



சென்ற திங்கள் இப்பகுதியில் வீட்டு மின்கட்டணத்தைப் பற்றி எழுதியிருந்தோம். அதனைப் படித்த அன்பர் இருவர், ஒருவர் கொழிஞ்சாம்பாறையிலிருந்தும் மற்றவர் வண்டிப்பெரியாற்றிலிருந்தும், ஏறக்குறைய ஒரே வினாவை எழுதி அனுப்பியுள்ளனர். “சுவரில் துளையிடவும் மரம் அறுக்கவும் மின்கருவி வாங்க எண்ணுகிறோம். கடைக்குச் சென்றால் ஆயிரம் ரூபாய்க்கும் இருக்கிறது, ஆறாயிரம் ரூபாய்க்கும் இருக்கிறது. எதை நம்பி வாங்குவது?” என்பதே அவ்வினா. நாம் பொறியாளர் அல்லோம். பள்ளியிறுதி வகுப்புத் தேறி இரயில்வேயில் எழுத்தர் வேலை பார்த்து வருகிறோம். ஆயினும் இவ்வினாவிற்கு விடை தேடவேண்டிய நிலை சில ஆண்டுகளுக்கு முன் நம் குடும்பத்திற்கே நேர்ந்தது. அதனைச் சொல்லித் தொடங்குவோம்.

நம் தமக்கையின் கணவர் கம்பத்திலிருந்து குமுளிக்குக் குடியேறிய தச்சர். உளியும் இழைப்புளியும் கொண்டே இருபது ஆண்டுகள் உழைத்தவர். மற்றத் தச்சர்களெல்லாம் மின்கருவிக்கு மாறியபோது, தாமும் மாறாவிட்டால் வேலை கிடைக்காது என்று அஞ்சி, சந்தையில் ஒருவர் கூவி விற்ற நான்கு அங்குலக் கிரைண்டர் ஒன்றை ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு வாங்கினார். இரசீது இல்லை, செய்தவர் பெயரும் தெளிவாக இல்லை. இரும்பு அறுப்பதற்கான அக்கருவியில் மரம் அறுக்கும் பல் பிளேடைப் பூட்டினார். பிளேடு பெரிதாக இருந்தமையால் காப்புத் தகட்டைக் கழற்றி வைத்தார். மூன்றாம் நாள் பலகையின் கணுவில் பிளேடு சிக்கிக் கருவி துள்ளியது. இடக்கைப் பெருவிரலின் தசைநார் அறுந்தது. நான்கு திங்கள் வேலையில்லை. தமக்கையின் வளையல்கள் அடகுக்குச் சென்றன. இன்றும் அவ்விரல் முழுதும் மடங்குவதில்லை.

கை ஆறியபின் அவர் பாலக்காட்டிற்கு வந்து, “மாப்பிள்ளை, சீட்டுப் பணம் எடுத்து வந்திருக்கிறேன். இம்முறை நீங்களும் உடன் வாருங்கள்” என்றார். இருவரும் கோயம்புத்தூர் சென்றோம். முதலில் விற்பனைக் கடைக்குச் செல்லாமல், பழுதான கருவிகளுக்கு ஆர்மேச்சர் சுற்றிக் கொடுக்கும் முதியவர் ஒருவரின் கடைக்குச் சென்றோம். எந்தக் கருவி நிலைக்கும், எது புகைந்துபோகும் என்பதை அவரைவிட அறிந்தவர் யார்? அவர் சொன்னதையும், பின்னர் நாம் படித்தும் பார்த்தும் தெளிந்ததையும் இங்கே தருகிறோம்.

முதலாவது, வேலைக்கு ஏற்ற கருவி எது என்று தெளிய வேண்டும். ஆண்டுக்கு நான்கு முறை படம் மாட்டவும் அலமாரி பொருத்தவும் துளையிடும் வீட்டிற்கு 500 அல்லது 600 வாட் இம்பாக்ட் டிரில் ஒன்று போதும். செங்கல்லிலும் வெட்டுக்கல்லிலும் அது எளிதில் இறங்கும். கான்கிரீட் வார்ப்பில் நாள்தோறும் துளையிடும் எலக்ட்ரீஷியனுக்கோ அது பயன்படாது, எஸ்.டி.எஸ். வகை பிட் பூட்டும் ரோட்டரி ஹாமர் வேண்டும். இம்பாக்ட் டிரில்லில் நாம் உடல் வலுவால் அழுத்த வேண்டும். ரோட்டரி ஹாமரில் உள்ளிருக்கும் பிஸ்டனே அடிக்கிறது. மரம் அறுப்பதற்கு சர்க்குலர் ரம்பமே உரியது. அதன் அடிக்காப்பு வில்லினால் இயங்குவது. ரம்பம் பலகையை விட்டு நீங்கியதும் தானே மூடிக்கொள்ளும். மார்பிள் கட்டரிலும் கிரைண்டரிலும் அத்தகைய காப்பு இல்லை. நம்மவர் பலர் அவற்றையே மரத்திற்கும் பயன்படுத்துகின்றனர். விரல் இழந்தோர் நம் ஊர்களில் இருப்பதற்கு இதுவே பெருங்காரணம் என்று அம்முதியவர் வருந்திச் சொன்னார்.

இரண்டாவது, வாட் கணக்கைக் கண்டு மயங்குதல் கூடாது. பெயர்ப்பலகையில் எழுதப்பட்டுள்ள வாட், கருவி இழுத்துக்கொள்ளும் மின்சாரத்தின் அளவு. அது செய்து தரும் வேலையின் அளவன்று. தரங்குறைந்த மோட்டார் மிகுதியாக இழுத்து அதில் பெரும்பகுதியை வெப்பமாக்கிவிடும். இதனினும் கருதத்தக்கது, நாள் முழுதும் ஓடும்படி செய்யப்பட்டதா, சிறுபொழுது ஓடி ஓய்வெடுக்கும்படி செய்யப்பட்டதா என்பது. பாஷ் நிறுவனம் இல்லப் பணிக்கான கருவிகளைப் பச்சை நிறத்திலும் தொழிற்பணிக்கானவற்றை நீல நிறத்திலும் விற்பது இவ்வேறுபாட்டினால்தான். வீட்டுக் கருவியைக் கொண்டு தொழில் செய்தால் அது விரைவில் எரியும். வீட்டிற்குத் தொழிற்கருவி வாங்கினால் பணம் வீணே முடங்கும்.

மூன்றாவது, உதிரி உறுப்புகள். இல்லத்தரசியர் மாவு அரைக்கும் கிரைண்டர் வாங்கும்பொழுது, “பெல்ட் தேய்ந்தால் எங்கே கிடைக்கும்? கல் கொத்த யார் வருவார்?” என்று கேளாமல் வாங்குவதில்லை. அவ்வறிவு இங்கும் வேண்டும். இக்கருவிகளுள் பெரும்பாலானவற்றில் கார்பன் பிரஷ் உண்டு. அது தேய்வதற்கென்றே உள்ள உறுப்பு. தேய்ந்தால் இரண்டையும் ஒருசேர மாற்ற வேண்டும். அளவு பொருந்தாத பிரஷைத் தேய்த்துப் போட்டால் தீப்பொறி பறந்து ஆர்மேச்சரே கெடும். ஆகவே பணத்தை எடுக்குமுன், “இதற்குக் கார்பன் பிரஷ் என்ன விலை? ஆர்மேச்சர் என்ன விலை? பழுது பார்க்கும் நிலையம் எந்த ஊரில் உள்ளது?” என்னும் மூன்று வினாக்களைக் கேளுங்கள். விடை சொல்லத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள். இடுக்கி மாவட்டத்தில் இருப்புப்பாதை இல்லை. 2023 ஜூன் 15 முதல் போடிநாயக்கனூர் வரை மீண்டும் வண்டி வருகிறது என்றாலும், மலையிலிருந்து இறங்கி ஓர் உறுப்பு வாங்கித் திரும்ப ஒரு நாள் கூலி போய்விடும். ஆகவே அருகிலுள்ள ஊரில் உதிரி கிடைக்கும் கருவியே நமக்கு நல்ல கருவி.

நான்காவது, மின்காப்பு. கருவியின் பெயர்ப்பலகையில் சதுரத்துக்குள் சதுரம் வரைந்த குறி இருந்தால் அது இரட்டைக் காப்பு உடையது. அதற்கு எர்த் இணைப்புத் தேவையில்லை. அக்குறி இல்லாத உலோக உடற்கருவிக்கு மூன்று முனை பிளக்கும், உண்மையாகவே எர்த் இணைந்த சுவர்ப் பிளக்கும் கட்டாயம் வேண்டும். மூன்றாவது முனையை வெட்டி எறிந்துவிட்டு இரண்டு துளையில் செருகுவது உயிருடன் விளையாடுவதாகும். தென்மேற்குப் பருவமழையில் சுவரும் தரையும் நனைந்திருக்கும் நம் பகுதியில், இ.எல்.சி.பி. என்று பலரும் வழங்கும் 30 மில்லி ஆம்பியர் காப்பு ஸ்விட்ச் வீட்டில் இருத்தல் வேண்டும். அது மின்கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டித்துவிடும்.

மின்தொடரின் கடைக்கோடியில் இருக்கும் வீடுகளில் மின்னழுத்தம் குறைவது இயல்பு. பள்ளிவாசலில் 1940 முதலும், இடுக்கியில் 1976 முதலும் மின்சாரம் பிறக்கிறது என்றாலும், தொலைவு மிகுந்தால் எந்தக் கம்பியிலும் அழுத்தம் குறையவே செய்யும். அதனுடன் மெல்லிய வயரை நெடுந்தூரம் இழுத்தால் கருவி வலுவிழந்து சூடேறும். 1,000 வாட் கருவிக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் வாங்குங்கள், ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். சுருளை முழுதும் பிரித்து விட்டுப் பயன்படுத்துங்கள். சுற்றியபடியே ஓட்டினால் வயர் உருகும்.

மின்சாரமே எட்டாத இடத்தில் வேலை செய்வோர் பாட்டரிக் கருவி வாங்கலாம். ஆயின் ஒரு நிறுவனத்தின் பாட்டரி மற்றொன்றின் கருவியில் பெரும்பாலும் பொருந்தாது என்பதை நினைவிற் கொள்க. முதற் கருவியைத் தேர்ந்தெடுக்கும்போதே பின்னர் வாங்கப்போகும் கருவிகளையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்தவராகிறோம்.

இனி, காப்புத் தகட்டைப் பற்றி. நான்கு அங்குலக் கிரைண்டர் நிமிடத்திற்கு ஏறக்குறைய 11,000 முறை சுழல்கிறது. நாம் அலுவலகத்தில் தாளெடுத்துக் கணக்கிட்டுப் பார்த்தோம். அந்தச் சக்கரத்தின் விளிம்பு மணிக்கு 207 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது! வந்தே பாரத் வண்டிக்கு இன்று அனுமதிக்கப்பட்டுள்ள மிகுதியான வேகமே மணிக்கு 160 கிலோமீட்டர்தான். அவ்வண்டி வரும்போது நடைமேடையில் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்கச் சொல்கிறோம். அதனினும் விரைந்த சக்கரத்தை முகத்துக்கு ஓரடி தொலைவில் வைத்துக்கொண்டு காப்பைக் கழற்றி எறிகிறோம். சக்கரத்தில் அச்சிட்டுள்ள சுழற்சி எண், கருவியின் சுழற்சி எண்ணுக்குக் குறைவாக இருத்தலாகாது. அதன் நடுவளையத்தில் காலாவதித் திங்களும் பொறிக்கப்பட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள். கண்ணாடி அணியாமல் கருவியைத் தொடாதீர்கள். தோளில் துண்டும், தொங்கும் துப்பட்டாவும் ஆகா. பிளேடு மாற்றுமுன் பிளக்கைக் கழற்றுங்கள்.

எல்லைப்புறத்தில் வாழும் நமக்கு மற்றோர் ஐயமும் உண்டு. “கோவையிலோ தேனியிலோ வாங்கிய பொருள் கெட்டால், கேரளத்தில் இருந்துகொண்டு யாரிடம் முறையிடுவது?” என்பது அது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் தாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் தம் தொழிலுக்கு வாங்கிய கருவிக்கும் அவ்வுரிமை உண்டு. பொருளின் விலை ஐந்து இலட்சத்திற்கு மேற்படாவிடில் கட்டணம் இல்லை. இரண்டாண்டுக்குள் முறையிட வேண்டும். 1915 என்னும் தொலைபேசி எண்ணில் முதலில் யோசனை கேட்கலாம். இவையனைத்திற்கும் இரசீது வேண்டும். நூறு ரூபாய் குறைத்துத் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னாலும் இரசீதை விட்டுவிடாதீர்கள். உத்தரவாதச் சீட்டில் கடை முத்திரையும் நாளும் இடப்பெற்றுள்ளனவா என்று அங்கேயே பாருங்கள்.

வீட்டுத் தேவைக்கு மட்டும் வாங்குவோர்க்கு ஒரு வேண்டுகோள். ஆண்டில் ஒரு மணி நேரம்கூட ஓடாத டிரில் ஒவ்வொரு வீட்டிலும் எதற்கு? நான்கு குடும்பங்கள் சேர்ந்து நல்லதாக ஒன்று வாங்கி, பயன்படுத்தத் தெரிந்த ஒருவர் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். நம் சங்கத்தாரும் இதனை எண்ணிப் பார்ப்பார்களாக.

நம் மைத்துனர் அன்று சர்க்குலர் ரம்பம் ஒன்றும் டிரில் ஒன்றும் வாங்கினார். சீட்டுப் பணம் அதற்கே சரியாகப் போயிற்று. கிரைண்டரை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்தார். ரம்பத்திற்கு இதுவரை இருமுறை கார்பன் பிரஷ் மாற்றியதைத் தவிர வேறு செலவில்லை. தமக்கையின் வளையல்கள் மீண்டு வந்தன. அவர் மகன் இப்போது தந்தையுடன் வேலைக்குச் செல்கிறான். சென்ற பொங்கலுக்கு நாம் சென்றிருந்தபோது, அவன் கண்ணாடி அணியாமல் ரம்பத்தை எடுத்தான். மைத்துனர் ஒன்றும் பேசவில்லை. மடங்காத அப்பெருவிரலை உயர்த்திக் காட்டினார். பையன் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியைத் தேடிப் போனான்.

வாசகர்கள் தத்தம் பட்டறிவை எழுதி அனுப்பினால் அடுத்த திங்கள் இப்பகுதியில் வெளியிடுவோம்.