வெறும் வாய்க்காலில் சேமித்த கோப்புகள்

இரணைமடுக் குளத்துத் தண்ணியில வயல் செய்யிற ஒருவர் அன்றாடம் காண்பது தன்ர வரம்போட ஓடுற வாய்க்காலைத்தான். குளம் எங்கயோ தள்ளிக் கிடக்கும். துருசு திறந்தால் தண்ணி வரும். பூட்டினால் வாய்க்கால் மட்டும் மிஞ்சும். யுனிக்ஸில் 'மவுண்ட்' எண்டு சொல்லுறதும் கிட்டத்தட்ட இதுதான்.

விண்டோஸில் பழகின எங்களுக்கு, வேறு கணினியில் இருக்கிற இடத்துக்கு ஒரு எழுத்து வேணும்: இசட் டிரைவ். யுனிக்ஸில் எழுத்து இல்லை. எல்லாம் ஒரே மரம். ஒரு வெறும் ஃபோல்டரைக் காட்டி, சேர்வரின் வொலியூமை அதில் இணைத்துவிட்டால், பிறகு அதற்குள் தெரிவது சேர்வரில் உள்ளவை. சன் நிறுவனம் 1984இல் உருவாக்கிய என்எஃப்எஸ் இப்படித்தான் வேலை செய்கிறது. ஃபோல்டரைத் திறப்பவருக்கு வித்தியாசமே தெரியாது.

அந்த 'தெரியாது' எங்களை ஒருமுறை கலங்கடித்தது. அயலவர்களின் காணி உறுதிகளையும் பழைய படங்களையும் ஸ்கான் செய்து சேர்வரில் சேர்த்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் கரன்ட் நின்று வந்தபோது, சேர்வருக்கு முதல் ஸ்கான் செய்யிற கணினி எழும்பிவிட்டது. மவுண்ட் நடக்கவில்லை. ஆனால் ஃபோல்டர் இருந்தது. ஒரு கிழமையாக அதற்குள்ளேயே சேமித்தோம். பிழைச்செய்தி ஒன்றும் வரவில்லை. பிறகு மவுண்ட் செய்ததும் அந்தக் கிழமைக் கோப்புகளைக் காணோம். உறுதிகளைத் திருப்பிக் குடுத்தாச்சு. இனி எந்த முகத்தோட போய்க் கேட்கிறது?

கோப்புகள் அழியவில்லை. வொலியூம் மேலே வந்து அவற்றை மூடியிருந்தது. மவுண்டைக் கழற்றினதும் அந்தக் கணினியின் சொந்த டிஸ்க்கிலேயே கிடந்தன. துருசு பூட்டின வாய்க்காலில் தேங்கின மழைத்தண்ணியைக் குளத்துத் தண்ணி எண்டு நம்பியிருக்கிறம்.

இதை யுனிக்ஸின் குறை எண்டு நாங்கள் சொல்ல வரவில்லை. இடத்தை மறைப்பதில் பெரிய நன்மை இருக்கு. 1980களில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஐபிஎம்மோடு சேர்ந்து உருவாக்கின ஏஎஃப்எஸ்ஸில், ஒரு வொலியூமை இன்னொரு சேர்வருக்கு மாற்றினாலும் பாதை மாறாது; எந்தச் சேர்வரில் இருக்கு எண்டதை ஒரு தரவுத்தளம் நினைவில் வைத்திருக்கும். பாவிக்கிறவர் அதை அறியத் தேவையில்லை.

ஆனால் பாதுகாக்கிறவர் அறியத்தான் வேணும். கணினி வகுப்புகளில் 'சேவ்' பண்ணக் காட்டித் தருகினம். அது எந்த டிஸ்க்கில் போய் விழுது எண்டு கேட்கப் பழக்குவதில்லை. இடம்பெயர்வுகளில் உறுதியையும் படத்தையும் இழந்த வன்னியில் அந்தக் கேள்விதான் முதல் பாடமாக இருக்கவேணும்.

இப்ப நாங்கள் ஸ்கான் தொடங்க முதல் 'டிஎஃப்' கட்டளை அடித்து, ஃபோல்டருக்கு நேரே சேர்வரின் பெயர் நிற்குதா எண்டு பார்க்கிறம். மவுண்ட் ஆகாத வெறும் ஃபோல்டரில் ஒருவரும் எழுத முடியாதபடி பூட்டியும் வைத்திருக்கிறம். துருசு பூட்டிக் கிடந்தால், இனி அது எங்களுக்கு உடனே தெரியும்.