இடைவெளி விட்டு ஒரு கச்சேரி

2020 ஜூன் 22. பார்சிலோனா நகரின் லிசேயு ஓபரா அரங்கில் 2,292 இருக்கைகளும் நிரம்பி வழிந்தன. மேடையில் நால்வர் கொண்ட தந்தி வாத்தியக் குழு. வாசித்தது இத்தாலிய மேதை புச்சினியின் உருப்படி. கேட்டவர்கள்? தொட்டிச் செடிகள். நர்சரிகளிலிருந்து கொண்டுவந்து இருக்கைக்கு ஒன்றாக வைத்திருந்தார்கள். கச்சேரி முடிந்ததும் அவை மருத்துவப் பணியாளர்களுக்கு அன்பளிப்பாகப் போய்ச் சேர்ந்தன.

வேடிக்கை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் கொரோனா காலம் சங்கீத உலகத்தை எந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது என்பதற்கு இதைவிடத் துல்லியமான படம் கிடையாது. கேட்பதற்கு மனிதன் ஆபத்தானவன், செடி பரவாயில்லை.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அதே ஆண்டு மார்ச் 10-ம் தேதி அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காஜிட் பள்ளத்தாக்குப் பாடகர் குழு ஒன்று இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தது. வந்தவர்கள் 61 பேர். அதில் ஒருவருக்கு ஏற்கனவே நோய் அறிகுறி. சில நாட்களில் அவரையும் சேர்த்து 53 பேர் நோயாளிகள் பட்டியலில். இருவர் இறந்தே போனார்கள். வாய்விட்டுப் பாடுவதே குற்றம் என்கிற நிலைமை அதற்குப் பிறகு வந்தது.

ஆனாலும் பாட்டை எத்தனை நாள் பூட்டி வைப்பது? ஐரோப்பாவில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். 2020 ஆகஸ்டில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்துக் குதிரைப் பந்தய மைதானத்தில் 500 இரும்பு மேடைகளைப் போட்டார்கள், ரசிகர்களுக்காக. ஒரு மேடைக்கு அதிகபட்சம் ஐந்து பேர். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் இரண்டு மீட்டர். உள்ளூர்ப் பாடகர் சாம் ஃபெண்டர் பாட, 2,500 பேர் தத்தம் கூண்டுக்குள் நின்று ஆடினார்கள். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஆடுகிறவளின் மேடைக்கு ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம் என்று கணக்குச் சொல்கிறது. கேட்கிறவனுக்கும் மேடை போட்டு அளவு குறிக்க வேண்டிய நாள் வரும் என்று இளங்கோவடிகள் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

ஏற்பாடு அழகானதுதான். ஆனால் நீடிக்கவில்லை. அடுத்த மாதமே அந்தப் பகுதியில் கட்டுப்பாடுகள் இறுக, மிச்சமிருந்த நிகழ்ச்சிகள் ரத்தாயின.

நோயாவது குறைந்துவிடும். கணக்கு விடாது. அரங்கில் கால் பங்கு ஆட்களை மட்டும் உட்கார வைத்தால் டிக்கெட் வருமானமும் கால் பங்குதான். வாடகை, மின்சாரம், ஒலிபெருக்கி, காவலாளி எதுவும் கால் பங்காகக் குறைவதில்லை. பெரிய நட்சத்திரம் இதைத் தாங்குவார். பக்கவாத்தியக்காரரும் விளக்குப் போடுகிறவரும் தாங்க மாட்டார்கள். அதனால்தான் பிரிட்டிஷ் அரசு கலைத் துறைக்கு 157 கோடி பவுண்டும், ஜெர்மனி 100 கோடி யூரோவும் 2020-ல் ஒதுக்கின. இடைவெளி விட்ட கச்சேரி என்பது உண்மையில் மானியத்தில் நடக்கிற கச்சேரி.

இந்தச் சோதனைகளில் உருப்படியானவை இரண்டு. 2020 ஆகஸ்ட் 22 அன்று ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஹாலே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டிம் பெண்ட்ஸ்கோ என்ற பாடகரை வைத்து ஒரே நாளில் மூன்று விதமாகக் கச்சேரி நடத்தினார்கள். ஒன்றில் வழக்கம்போல், இன்னொன்றில் சதுரங்கக் கட்டம்போல், மூன்றாவதில் நன்றாகத் தள்ளித் தள்ளி ரசிகர்கள் உட்கார்ந்தார்கள். யார் யாரை எவ்வளவு நேரம் நெருங்கினார்கள் என்று ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு கருவி. ஆட்கள் அதிகமாக முட்டிக்கொண்டது பாட்டு நடக்கும்போது அல்ல. உள்ளே நுழையும்போதும் இடைவேளையிலும்தான். காற்றோட்டம் மோசமாக இருந்தால் ஆபத்து பல மடங்கு.

இரண்டாவது பார்சிலோனாவில். 2021 மார்ச் 27 அன்று ‘லவ் ஆஃப் லெஸ்பியன்’ குழுவின் நிகழ்ச்சிக்கு 5,000 பேர். முன்கூட்டியே பரிசோதனை, தரமான முகக்கவசம், நல்ல காற்றோட்டம் எல்லாம் உண்டு. இடைவெளி மட்டும் இல்லை. பிறகு கண்காணித்ததில் ஆறு பேருக்குத்தான் தொற்று. அதிலும் நால்வருக்கு வெளியே தொற்றியது என்றார்கள். ஆக, தரையில் ஒட்டிய பசைநாடாவைவிட ஜன்னல் முக்கியம்.

இனி நம் வீட்டு விஷயம். 2020 டிசம்பரில் சென்னை சபாக்கள் மார்கழி சீசனை இணையத்துக்குக் கொண்டுபோயின. பாராட்ட வேண்டிய முயற்சி. ஆனால் எதிரில் தலையாட்ட ஆளில்லாமல் நிரவல் பாடுவது சுவரோடு பேசுவது மாதிரி. நம் கச்சேரியில் ரசிகன் வெறும் பார்வையாளன் அல்ல. தொடையில் தாளம் போட்டு, ‘பலே’ சொல்லி, பாடகரை அடுத்த சங்கதிக்குத் தள்ளுகிறவன். அவனும் ஒரு பக்கவாத்தியம்தான்.

சபாவுக்காவது இணையம் இருந்தது. நாதஸ்வரக்காரருக்கு? 2020-ல் கல்யாணத்துக்கு 50 பேர் என்று வரம்பு வந்ததும் மேளத்தைத்தான் முதலில் கழித்தார்கள். மதுரை மீனாட்சி திருக்கல்யாணமே அந்த ஆண்டு பக்தர்கள் இல்லாமல் இணைய ஒளிபரப்பாக நடந்தது. கரகாட்டம், தெருக்கூத்து, பறையாட்டம் எல்லாவற்றுக்கும் பங்குனி தொடங்கி ஆடி வரை கோயில் கொடைகள்தான் வருஷத்துச் சோறு. தெருக்கூத்துக்கு இருக்கை கிடையாது, டிக்கெட் கிடையாது, எனவே ‘ஒரு இருக்கை விட்டு ஒரு இருக்கை’ என்ற விதியும் கிடையாது. ஒழுங்குபடுத்தத் தெரியாததை அரசு மொத்தமாகத் தடை செய்தது.

வார்த்தையிலும் ஒரு வம்பு இருக்கிறது. ஆங்கிலச் சொல்லை நாம் ‘சமூக விலகல்’ என்றும் ‘சமூக இடைவெளி’ என்றும் பெயர்த்தோம். உலக சுகாதார நிறுவனமே 2020 மார்ச்சில், உடல்ரீதியான இடைவெளி என்று சொல்வதே பொருத்தம் என்றது. மொழிபெயர்ப்பவனுக்கு இது சின்ன விஷயம் அல்ல. சமூக விலகல் என்பது இந்த நாட்டில் வைரஸோடு வந்த சங்கதியா? பறையடிப்பவரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லி, எட்ட நிற்க வைத்துக் கூலி கொடுத்த ஊர்களுக்கு அது பழைய பழக்கம். அந்த இடைவெளிக்கு எந்த விஞ்ஞானமும் ஆதாரம் கேட்கவில்லை; எந்த அரசும் முடிவு தேதி அறிவிக்கவில்லை.

கொரோனா அவசரநிலை முடிந்ததாக 2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அரங்குகள் மறுபடி நிரம்பிவிட்டன. அடுத்த தொற்று வருவதற்குள் செய்ய வேண்டியவை இரண்டு: அரங்குகளுக்குக் காற்று, கலைஞர்களுக்கு ஒரு நிரந்தர நிதி. அந்த நிதி சபா வாசலோடு நின்றுவிடாமல் கோயில் கொடைப் பந்தல் வரை போக வேண்டும். ஸ்பெயினில் செடிகளுக்காவது இருக்கை கொடுத்தார்கள். கரகாட்டக்காரருக்கு நாம் அதுவும் கொடுக்கவில்லை.