டிராக் டே பைக்கர்களுக்கு சப்போர்ட் சர்வீஸ்: ஒட்டன்சத்திரத்தில் இந்தத் தொழில் எடுபடுமா?

பழநி ரோட்டில் பறக்கும் பைக்குகளைத் திட்டாதவர்கள் நம்ம பக்கம் குறைவு. அந்த வேகத்தை முறையாக ஓட்டிப் பார்க்க ஓர் இடம் இருக்கிறது. கோவை செட்டிபாளையத்தில் 2003 முதல் இயங்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே. கார் பந்தய வீரர் எஸ்.கரிவரதன் பெயரில் அமைந்த டிராக் அது.

‘டிராக் டே’ என்பது பந்தயம் அல்ல. கட்டணம் கட்டி, சொந்த பைக்கை மூடிய டிராக்கில் ஓட்டலாம். எதிரே லாரி வராது; நாய் குறுக்கே ஓடாது.

சிக்கல் எங்கே?

திரும்பி வருவதில்தான். ஒட்டன்சத்திரத்திலிருந்து அங்கே 100 கி.மீ.க்கு மேல். பகல் முழுக்க லெதர் சூட்டில் வெந்தவர், இருட்டில் உடுமலை, பழநி வழியாக அதே பைக்கில் திரும்புகிறார். டிராக்கைவிட இந்தப் பயணம்தான் ஆபத்து என்பேன். கீழே விழுந்து கிளட்ச் லிவர் உடைந்தால், வண்டியை எப்படிக் கொண்டுவருவது? தொழில் வாய்ப்பு இங்கேதான் இருக்கிறது.

என்ன செய்து தரலாம்?

பைக்கை ஏற்றி இறக்குவது முதல் வேலை. கேரளாவுக்குக் காய்கறி அனுப்பும் ஊர் இது. லோடு வண்டிக்கும், கயிறு கட்டத் தெரிந்த டிரைவருக்கும் பஞ்சமில்லை. இரண்டு பேர் சேர்ந்தால் ‘குட்டி யானை’ வாடகை பங்காகிவிடும்.

அடுத்தது, பைக்கைத் தயார் செய்வது. சைடு மிரரைக் கழற்றி, விளக்குகளில் டேப் ஒட்டி, செயின், பிரேக் பேட், டயர் காற்றைப் பார்க்க வேண்டும். கூலன்ட் சிந்தினால் டிராக் வழுக்கும் என்பதால், அதை வடித்துவிட்டு தண்ணீர் ஊற்றச் சொல்வதும் உண்டு. டிராக்கில் நிழல், குடிநீர், டூல்ஸ், ஸ்பேர் லிவர், கூடவே ஒரு மெக்கானிக் இருந்தால் போதும்.

கவனம் தேவை

கடன் வாங்கி வண்டி வாங்காதீர்கள். டிராக் டே தினமும் நடக்காது. மஞ்சள் போர்டு வண்டியை வாடகைக்கு எடுங்கள்; மெக்கானிக்குக்கு நாள் கூலி பேசுங்கள். இதைப் பக்கத் தொழிலாக வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

இன்னொன்று, இன்ஷூரன்ஸ். வழக்கமான பைக் பாலிசிகளில் பந்தயம், வேகச் சோதனைக்கு கவரேஜ் கிடையாது. இதை ரைடரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ஏற்றும் முன் பைக்கை போட்டோ எடுத்து, வழியில் சேதமானால் யார் பொறுப்பு என்பதை எழுதி, கையெழுத்து வாங்குங்கள். ‘நம்ம பையன்தானே’ என்று விட்டால் நட்பும் போகும், பணமும் போகும்.

முதல் வேலையாக, திண்டுக்கல், பழநி ரைடர்களிடம் பேசிப் பாருங்கள். ‘சூப்பர் ஐடியா ப்ரோ’ என்பதை நம்ப வேண்டாம். இரண்டு பேர் அட்வான்ஸ் கொடுத்தால், முதல் ட்ரிப்பைப் போடலாம்.